கடல்நீரும் கல்லூரி ஆய்வுகூடமும்

விழா மலர்களில் எழுதப் புகுவோர் பெரும்பாலும் கடந்த காலத்தையே பாராட்டுவர். அது தக்கதே. கல்லூரியை நிறுவிய பெரியோரையும், அதனைக் கட்டி வளர்த்த அதிபர்களையும், கற்பித்த ஆசிரியர்களையும் நினைவுகூராத விழா விழாவாகாது. ஆயின் நினைவுகூர்தல் ஒன்றே விழாவின் பயன் என்று கொள்வோமாயின், அப்பெரியோர் செய்ததை நாம் செய்யத் தவறியவராவோம். அவர்கள் தம் காலத்துக்கு வேண்டியது யாது என ஆராய்ந்து அதனைச் செய்தனர். சைவமும் தமிழும் தழைக்க ஒரு கல்விக்கூடம் வேண்டும் என்பது அவர் காலத்துத் தேவை. நம் காலத்துத் தேவைகளுள் ஒன்றைப் பற்றி யாம் இங்கே சில கூற விரும்புகின்றோம். நகரங்களை அடுத்த கரையோரக் கடலில், கண்ணுக்கும் நாவுக்கும் புலனாகாத அளவிற் கலந்து நிற்கும் இரசாயன நஞ்சுகளை அறிவது பற்றியது அது. இஃது ஒரு கல்லூரி மலருக்கு ஏற்ற பொருளோ எனச் சிலர் ஐயுறலாம். ஏற்றதே என்பதும், விழாவின் பொருட்டுத் திரட்டப்படும் நிதியில் ஒரு பங்கு இப்பணிக்குச் செல்லுதல் வேண்டும் என்பதுமே எம் கருத்து.

நாம் தீவில் வாழ்வோர். கடல் நமக்கு உணவு தருகின்றது; தொழில் தருகின்றது; அவற்றுக்கும் மேலாகத் தீர்த்தமாகவும் விளங்குகின்றது. வல்லிபுர ஆழ்வாரின் கடல் தீர்த்தத்துக்கு மக்கள் ஆயிரக்கணக்கிற் கூடுகின்றனர். கடலைச் சேர்ந்தது எதுவாயினும் தூய்மையடையும் என்பது நம்மவர் உள்ளத்தில் ஊறிய எண்ணம். உலகின் பெருநகரங்களை ஆண்டவர்களிடமும் இதே எண்ணம் வேறு வடிவில் இருந்தது. கடல் பெரிது, கழிவு சிறிது, கலந்தாற் கரைந்து போம் என்று அவர்கள் கணக்கிட்டனர். கழிவுநீர்க் குழாய்கள் அக்கணக்கின் மீதே அமைக்கப்பட்டன. அக்கணக்கு எவ்விடத்திற் பிழைத்தது என்பதை அறிய வேண்டின், முதற்கண் அளவைப் பற்றிய தெளிவு வேண்டும்.

நுண்ணளவு என்று விஞ்ஞானிகள் கூறுவது எத்துணைச் சிறிது? ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு நனோகிராம் எனப்படும். ஓர் இலீற்றர் நீரில் ஒரு நனோகிராம் என்பதை மனத்திற் கொண்டுவருதல் அரிது. ஆதலின் ஒரு பெருங் குளத்தை நினைத்துக்கொள்வோம். அதன் நீளம் ஒரு கிலோமீற்றர். அகலமும் ஒரு கிலோமீற்றர். ஆழம் எங்கும் ஒரு மீற்றர். இரு விரலாற் கிள்ளியெடுக்கும் உப்பின் அளவாக, ஒரு கிராம் நிறையுள்ள பொருளை அக்குளத்தில் இட்டு முற்றாகக் கலக்கினால் உண்டாகும் செறிவு அதுவே. இத்துணைச் சிறிய அளவு எவர்க்கு என்ன தீங்கு செய்யும் என்று கேட்பது இயல்பு.

அக்கேள்விக்கு விடை கூறியது ஒரு சிறு கடல் நத்தை. கப்பல்களின் அடிப்புறத்திற் பாசியும் சிப்பியினங்களும் ஒட்டி வளராமற் காத்தற்பொருட்டு, திரிபியூற்றைல் வெள்ளீயம் என்னும் சேர்வை கலந்த வண்ணப்பூச்சு 1960களிலிருந்து வழக்கிற்கு வந்தது. 1970களின் இறுதியில் பிரான்சு நாட்டின் ஆர்க்கசோன் குடாவில் வளர்க்கப்பட்ட சிப்பிகளின் ஓடுகள் தடித்து உருக்கெட்டன, குஞ்சுகள் பிழைக்கவில்லை. இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தை அடுத்த பாறைகளில் வாழ்ந்த நத்தையினம் ஒன்றின் பெண்களிடத்து ஆண் உறுப்பு முளைக்கலாயிற்று. அவை முட்டையிட இயலாமற் போகவே, அவ்வினம் பல இடங்களில் அருகியது. ஆராய்ந்தபோது, ஓர் இலீற்றர் நீரில் ஓரிரு நனோகிராம் அளவே இதற்குப் போதுமென்பது தெரிந்தது. 1982ஆம் ஆண்டு பிரான்சு சிறு படகுகளில் அப்பூச்சைத் தடை செய்தது. 2001ஆம் ஆண்டு உடன்பாடு கண்ட சருவதேசப் பொருத்தனை 2008ஆம் ஆண்டே நடைமுறைக்கு வந்தது. நத்தை எச்சரித்த காலத்துக்கும் உலகம் செவிசாய்த்த காலத்துக்கும் இடைப்பட்டது ஏறத்தாழ ஒரு தலைமுறை.

நுண்ணளவு நஞ்சு தீங்காதற்குப் பிறிதொரு காரணமும் உண்டு. நீரிலே அது பரந்து கிடப்பினும் உயிரிலே அது திரள்கின்றது. மட்டியும் சிப்பியும் நாள் முழுவதும் நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்ணிய உணவை வடித்துக்கொண்டு, எஞ்சிய நீரை வெளிவிடுகின்றன. உணவோடு நஞ்சும் வடிக்கப்படுகின்றது. கடல்நீரிற் காணப்படுவதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு செறிவு அவற்றின் தசையிற் காணப்படுதல் உண்டு. ஆதலின் 1975ஆம் ஆண்டு எட்வேட் கோல்ட்பேக் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, கடலின் நலத்தை அறிதற்கு நீரைப் பார்ப்பதிலும் மட்டியைப் பார்ப்பது மேல் என்று முன்மொழிந்தார். 1986ஆம் ஆண்டு முதல் அமெரிக்கக் கரைகளில் இம்முறை அரச திட்டமாயிற்று. நீர் இன்று ஓரிடம், நாளை வேறிடம். மட்டியோ ஓரிடத்திலே இருந்து, பல மாதங்களின் கணக்கைத் தன் உடலிலே எழுதி வைக்கின்றது.

இம்முறையின் பயனைக் காட்ட லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கடலிலும் சிறந்த சான்று இல்லை. அந்நகரத்தின் அயலில் டி.டி.ரி. செய்யும் தொழிற்சாலை ஒன்று 1947ஆம் ஆண்டு தொடங்கிற்று. அதன் கழிவு நகரப் பகுதியின் பொதுக் கழிவுநீர்க் குழாய் வழியே பாலோஸ் வேடெஸ் என்னும் முனைக்கு அப்பாற் கடலுட் சென்றது. 1970ஆம் ஆண்டு அக்கரைக்கு எதிரே உள்ள அனகாபா தீவிற் கூழைக்கடாக்கள் 552 கூடுகள் கட்டின. அவற்றினின்று பிழைத்த குஞ்சு ஒன்றே. முட்டை ஓடுகள் மெலிந்து, அடைகாத்த தாயின் பாரத்தைத் தாங்காது நொறுங்கின. டி.டி.ரி.யே காரணம் என்பது தெளிவாயிற்று. ஆயின் அது எங்கிருந்து வந்தது? வயல்களிலே தெளித்த மருந்து மழையோடு வந்திருத்தல் கூடும் அன்றோ?

அவ்வையத்தைத் தீர்த்தது கடற்கரை மணலிற் புதைந்து வாழும் ஒரு சிறு நண்டு. கலிபோர்னியாக் கரையின் பல இடங்களில் அந்நண்டுகளைத் திரட்டிச் சோதித்த ஆய்வொன்று 1971ஆம் ஆண்டு வெளிவந்தது. லொஸ் ஏஞ்சலிஸ் கழிவுநீர்க் குழாயின் அயலில் எடுத்த நண்டுகளிலே, பெரிய விளைநிலங்களின் வடிகால்களை அடுத்து எடுத்தவற்றைப் போல 40 மடங்குக்கும் மேலான டி.டி.ரி. காணப்பட்டது. குற்றம் வயலினது அன்று, குழாயினது என்பது வெளியாயிற்று. அமெரிக்கா 1972ஆம் ஆண்டு டி.டி.ரி.யின் பொதுப் பயன்பாட்டைத் தடை செய்தது. கூழைக்கடாக்கள் மெல்ல மெல்லப் பெருகி, 2009ஆம் ஆண்டு அழிவுக்குள்ளாகும் இனங்களின் பட்டியலினின்றும் நீங்கின. எனினும் அன்று கடலடியிற் படிந்த நஞ்சு இன்றும் அங்கே கிடக்கின்றது. இவ்வரலாற்றில் நாம் கருத வேண்டுவது ஒன்று. நஞ்சு உண்டு என்று அறிதல் பாதியே. எங்கிருந்து, எப்பொழுது வந்தது என்று அறிதலே மற்றைப் பாதி. கரையோரமாக நடந்து, இடந்தோறும் ஒரு கைப்பிடி நண்டெடுத்து, இடத்தையும் நாளையும் குறித்து வைத்தவரின் பொறுமையே அம்மறுபாதியைத் தந்தது.

கருவிகள் வேண்டா என்று யாம் கூறவில்லை. 1955ஆம் ஆண்டு அலன் வோல்ஷ் அமைத்துக் காட்டிய அணு உறிஞ்சல் முறையால் உலோகங்களை அளத்தல் எளிதாயிற்று. 1957ஆம் ஆண்டு ஜேம்ஸ் லவ்லொக் செய்த இலத்திரன் பற்றும் உணரியே டி.டி.ரி. போன்றவற்றின் நுண்ணளவுகளை உலகுக்குக் காட்டிற்று. இன்றைய திணிவு நிறமாலைமானிகள் அவற்றிலும் நுட்பமானவை. ஆயினும் கருவி எத்துணை நுட்பமானதோ அத்துணை எளிதில் அது ஏமாற்றப்படும். பூமியின் வயதைக் கணித்துப் புகழ்பெற்ற கிளயர் பற்றேசன் இதனை உலகுக்கு உணர்த்தினார். அவர் காலம் வரை கடல்நீரில் உள்ள ஈயம் என்று நூல்களில் எழுதப்பட்டதிற் பெரும்பகுதி கடலுக்கு உரியதன்று. அது நீரை அள்ளிய கப்பலுக்கும், போத்தலுக்கும், ஆய்வுகூடத்தின் தூசிக்கும், ஆய்வாளரின் கைக்கும் உரியது! காற்றை வடித்துத் தூய்மையாக்கிய அறையில், அமிலத்திற் பலமுறை கழுவிய பாத்திரத்தில் அளந்தபோது, உண்மை அளவு பழைய அளவிலும் பல மடங்கு குறைந்து நின்றது. விலையுயர்ந்த கருவியை வாங்கலாம். தூய்மையையும் ஒழுங்கையும் வாங்க இயலாது. அவை பழக்கத்தால் வருவன. பழக்கத்தைத் தருவதற்கென்றே பள்ளிக்கூடங்கள் உள்ளன.

இனி, அளந்தவர் அளவை மறைத்தால் விளைவது யாது என்பதையும் நோக்குவோம். யப்பானின் மினமாத்தா நகரில் சிசோ என்னும் நிறுவனம் 1932ஆம் ஆண்டு முதல் அசற்றல்டிகைட்டு என்னும் இரசாயனப் பொருளை ஆக்கி வந்தது. அவ்வாக்கத்திற் பயன்பட்ட இரசம், மெதயில் இரசமாக மாறிக் கழிவுநீரோடு குடாவிற் கலந்தது. மீனுண்ட பூனைகள் பித்தேறி ஆடி இறந்தன. பின்னர் மீனவர் குடும்பங்களிற் கைகால்கள் நடுங்கின, பேச்சுக் குழறிற்று, பார்வை குன்றிற்று. 1956ஆம் ஆண்டு மே மாதம் 1ஆம் நாள், அந்நிறுவனத்தின் வைத்தியசாலைத் தலைவரான ஹொசொகவா ஹஜிமே இந்நோயைச் சுகாதார அதிகாரிகளுக்கு அறிவித்தார். குமமொத்தோ பல்கலைக்கழகத்தார் மங்கனீசையும், செலனியத்தையும், தல்லியத்தையும் ஐயுற்று, ஈற்றில் 1959ஆம் ஆண்டு சேதன இரசமே காரணம் என்று வெளியிட்டனர். அதே ஆண்டில் ஹொசொகவா தொழிற்சாலைக் கழிவை உணவிற் கலந்து ஒரு பூனைக்கு ஊட்டிப் பார்த்தார். அவருடைய ஏட்டில் 400 என்னும் இலக்கம் பெற்ற அப்பூனைக்கும் அந்நோய் கண்டது. நிறுவனம் அம்முடிவை வெளிவிடவில்லை. 1970ஆம் ஆண்டு நோய்ப்படுக்கையிற் கிடந்தவாறே அவர் சாட்சியம் அளித்தபோது நீதிமன்றம் அதனைக் கேட்டது. அரசாங்கம் உண்மையை ஒப்புக்கொண்டது 1968ஆம் ஆண்டிலாகும். இடைப்பட்ட ஆண்டுகளிலும் கழிவுநீர் ஓடிற்று. மக்கள் மீன் உண்டனர். பிள்ளைகள் தாய் வயிற்றிலேயே நஞ்சுண்டு பிறந்தனர்.

அப்பிள்ளைகளின் வழக்கிற்குச் சான்றான பொருளை எண்ணுந்தோறும் நெஞ்சு உருகும். பிறந்த குழந்தையின் தொப்புட்கொடியை உலர்த்திப் பெட்டியில் இட்டுக் காத்தல் யப்பானியர் வழக்கம். நம்மவரிடையேயும் அதனைத் தாயத்திற் பொதிந்து கட்டும் வழக்கம் உண்டன்றோ? ஹரதா மசசூமி என்னும் வைத்தியரும் அவருடன் உழைத்தோரும் வீடுவீடாகச் சென்று, தாய்மார் காத்து வைத்த தொப்புட்கொடிகளைப் பெற்றுச் சோதித்தனர். தொழிற்சாலையின் உற்பத்தி ஏறிய ஆண்டுகளிற் பிறந்தோரின் கொடியிலே மெதயில் இரசமும் ஏறி நின்றது. எவரும் அளவாத ஆண்டுகளின் அளவைத் தாய்மாரின் பேழைகள் காத்து வைத்திருந்தன. சுவீடன் நாட்டிலும் இத்தகையதொன்று நிகழ்ந்தது. சோரன் ஜென்சன் என்பவர் டி.டி.ரி.யைத் தேடியபோது பெயர் தெரியாத வேறு பொருள்களும் உடன் தோன்றின. அவை மின்சாதனங்களிற் பயன்படும் குளோரீன் சேர்ந்த எண்ணெய்கள் என்பதை 1966ஆம் ஆண்டு அவர் அறிவித்தார். அவை எக்காலம் முதல் இயற்கையிற் கலந்தன என்பதைக் காட்டியவை நூதனசாலையில் இருந்த கழுகின் பழைய இறகுகள். அவ்விறகுகளில் 1944ஆம் ஆண்டளவிலேயே அந்நஞ்சு இருந்தது. அவ்விறகைச் சேர்த்து வைத்தவர் எவரும் இதனை எதிர்பார்த்தாரல்லர். சேர்த்து, நாளும் இடமும் எழுதி வைத்தார், அவ்வளவே. அது போதுமாயிற்று.

இவ்வளவும் பிறநாட்டுச் செய்திகள் என்று ஒதுக்குவதற்கில்லை. நம் தலைநகரின் கடலை நோக்குவோம். களனி கங்கை முகத்துவாரத்தை அடுத்துக் கடலிற் கலக்கின்றது. தன் கரைகளிலுள்ள தொழிற்சாலைகளின் கழிவிலும் ஒரு பங்கைக் கொணர்கின்றது. வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் வாய்க்கால்கள் கடலை அடைகின்றன. நகரத்துக் கழிவுநீர் குழாய் வழியே கடலுட் செலுத்தப்படுகின்றது. இவற்றோடு துறைமுகமும் உண்டு. இவையெல்லாம் நாள்தோறும் நிகழ்வன. ஆதலின் எவர் கண்ணிலும் படுவதில்லை. கண்ணிற் பட்டது 2021ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த இடத்தில் தீப்பற்றியது. 1,486 கொள்கலன்களை ஏற்றி வந்த கப்பல் அது. 25 தொன் நைத்திரிக்கமிலம் அதிலிருந்தது. ஈயமும் செம்பும் சார்ந்த சரக்குகள் இருந்தன. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் இருந்தன. யூன் மாதத் தொடக்கத்திற் கப்பல் அமிழலாயிற்று. மேற்குக் கரையின் மணல் வெண்மணிகளால் மூடப்பட்டது. கருகி உருகிய துண்டுகளும் ஒதுங்கின. நூற்றுக்கணக்கான கடலாமைகள் இறந்து கரை சேர்ந்தன. மீன்பிடி தடை செய்யப்பட்டது. தடை எட்டாத இடங்களிலிருந்து வந்த மீனையும் வாங்க மக்கள் அஞ்சினர்.

அந்நாட்களில் மூன்று கேள்விகள் எழுந்தன. இம்மீன் உண்ணத் தக்கதா? இந்நீரிலுள்ள உலோகம் கப்பலினதா, முன்னரே இருந்ததா? இழந்தவர்க்கு எவ்வளவு கொடுத்தல் நீதி? மூன்றுக்கும் விடை கூறுதற்கு வேண்டுவது ஒன்றே. தீப்பற்றியதற்கு முன்னாளில் அக்கடல் எவ்வாறிருந்தது என்னும் கணக்கு அது. 2002ஆம் ஆண்டு வரை நம் நாட்டிற் பெற்றோலில் ஈயம் கலந்து விற்கப்பட்டது. அவ்வீயம் தெருவிற் படிந்து, மழையோடு வாய்க்காலில் இறங்கி, கரையோரச் சேற்றில் உறைந்திருத்தல் இயல்பு. அதன்மேற் கப்பலின் ஈயம் விழுந்தால் எது எவ்வளவு என்று எங்ஙனம் பிரித்தறிவது? பழைய அளவுகள் எத்துணை நெருக்கமாகவும் ஒழுங்காகவும் எடுக்கப்பட்டுள்ளனவோ, அத்துணை உறுதியாகவே வழக்கில் நிற்க முடியும். இவ்விபத்தின் பொருட்டு நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு 2025ஆம் ஆண்டு யூலை மாதம் நம் உயர்நீதிமன்றம் கட்டளையிட்டது. நீதிமன்றம் தன் கடமையைச் செய்தது. கடலின் சார்பிற் சான்று கூறும் ஏட்டை எழுதி வைப்பது யார் கடமை?

அது நாரா போன்ற அரச நிறுவனங்களின் கடமை என்பர் சிலர். உண்மையே; அந்நிறுவனத்தாரிடத்து நுண்கருவிகளும் கற்றவர்களும் உள்ளனர். ஆயின் நம் தீவின் கரை ஆயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்டது. ஒவ்வொரு வாய்க்கால் வாயிலும் ஒவ்வொரு மாதமும் ஓர் உத்தியோகத்தர் நிற்றல் இயலாது. கரையோரப் பட்டினங்களில் எல்லாம் கல்லூரிகள் உள்ளன; அவற்றில் இரசாயனம் கற்கும் மாணாக்கர் உளர். மழை அளவு எவ்வாறு அறியப்படுகின்றது? காலைதோறும் மழைமானியை நோக்கி ஏட்டில் இலக்கம் எழுதுபவர் பெரும் விஞ்ஞானியாக இருத்தல் வேண்டா. அவர் ஒருநாளும் தவறாதவராக இருத்தல் வேண்டும். நூறாண்டு மழைக்கணக்கு அத்தகையோரின் கைவேலையே. கடலுக்கும் அத்தகையோர் தேவை.

கல்லூரி செய்யக்கூடியது யாது, கூடாதது யாது என்பதை யாம் மயக்கமின்றிக் கூறுதல் வேண்டும். நனோகிராம் அளவில் நஞ்சை அளத்தல் ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தால் ஆகாது. ஆகும் என்று கூறுபவர் மாணாக்கரை ஏமாற்றுபவராவர். ஆனால் மாணாக்கரால் ஆவன பல. நீர் வாய்கள் இரண்டையும், ஒப்புநோக்குதற்குத் தூய கரை ஒன்றையும் தெரிந்துகொள்ளலாம். குறித்த மாதங்களில், குறித்த வற்றுப்பெருக்கு நிலையில், ஆசிரியரின் மேற்பார்வையிற் கையுறை அணிந்து சென்று நீரெடுக்கலாம். வெப்பநிலை, உவர்த்தன்மை, அமிலத்தன்மை ஆகியவற்றையும், உயர்தர வகுப்பிலே பயிலும் விங்கிளர் முறையாற் கரைந்த ஒட்சிசனையும் தாமே அளக்கலாம். இவற்றினும் முதன்மையானது பிறிதொன்று. ஒரே இன மட்டியை, ஒரே பருமனில், ஆண்டுக்கு இருமுறை எடுத்து, உலோகச் சோதனைக்கு ஒரு பங்கை அமிலத்திற் கழுவிய பிளாஸ்ரிக் குப்பியிலும், டி.டி.ரி. போன்றவற்றின் சோதனைக்கு மற்றொரு பங்கைத் தூய கண்ணாடிக் குப்பியிலும் இட்டு, இடமும் நாளும் எடுத்தவர் பெயரும் எழுதி, உறைகுளிரிற் சேமிக்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு பாதி கல்லூரியிலும் மறுபாதி ஒரு பல்கலைக்கழகத்திலும் இருத்தல் நன்று. மின்சாரம் தடைப்பட்டு ஒன்று கெடினும் மற்றொன்று எஞ்சும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றுட் சிலவற்றை நுண்கருவி உள்ளோரிடம் அனுப்பிச் சோதிக்கச் செய்யலாம். எஞ்சியவை இன்னும் எவரும் பெயர் அறியாத நஞ்சை 30 ஆண்டுகளின் பின் ஒருவர் தேடும்பொழுது அவருக்குத் துணையாகும்.

இதற்கு மறுப்புக் கூறுவோர் கூற்றுகளையும் புறக்கணித்தல் தகாது. மாணாக்கரின் அளவுகளை எவர் நம்புவர் என்று ஒருவர் கேட்கலாம். அளவை நம்ப வேண்டா, குப்பியை நம்புக. முறைப்படி எடுத்து, முறைப்படி காத்து வைத்த குப்பியை எவரும் எப்பொழுதும் மீண்டும் சோதிக்கலாம். வேறொருவர், முடிவுகளை வெளியிட்டால் மக்கள் அஞ்சுவர், மீனவர் பிழைப்புக் கெடும் என்னலாம். இது கருணையினின்று எழும் மறுப்பு; ஆதலின் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். 2021ஆம் ஆண்டு மீனவர் வயிற்றில் அடித்தது அளவு அன்று, அளவு இல்லாமையே. எந்த மீன் நன்று என்று உறுதி கூறுவார் இன்மையால் எல்லா மீனும் ஐயத்துக்குள்ளாயின. நஞ்சு உண்டு என்று கூறுதற்கு மாத்திரமன்றி, இல்லை என்று கூறுதற்கும் அளவு வேண்டும். வதந்தியினின்று மீனவரைக் காப்பது அக்கணக்கே. மினமாத்தாவின் மறைப்பு எவரையும் காக்கவில்லை, மறைத்தவரையும் காக்கவில்லை.

மூன்றாவது மறுப்பு நிதியைப் பற்றியது. கூரை ஒழுகும் வகுப்பறைகளும், மேசை இல்லாத மாணாக்கரும் இருக்க, கடல்நீருக்குப் பணமோ என்பர். கூரையை முதலில் வேய்க. அதில் எமக்கு மாறுபாடு இல்லை. ஆயின் விழா நிதிகள் கூரைக்கு மாத்திரம் செல்வதில்லை என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அலங்கார வாயில்களும், மணிக்கூட்டுக் கோபுரங்களும், பெயர் பொறித்த கற்களும் நம் நாட்டின் கல்லூரி வளவுகளில் நிறைந்துள்ளன. அவற்றை நிறுவியோரின் அன்பை யாம் குறைத்துரைக்கவில்லை. எனினும் ஒரு வாயிலின் செலவிற் சிறு பங்கு, ஓர் உறைகுளிர்ப் பெட்டிக்கும், குப்பிகளுக்கும், ஒரு கனத்த ஏட்டுக்கும், ஆண்டுதோறும் ஆகும் சிறு செலவுக்கும் போதுமானது. பழைய மாணவருள் இரசாயனவியலாளரும், பொறியியலாளரும், வைத்தியரும் உளர். கடல் கடந்த நாடுகளின் பெரும் ஆய்வுகூடங்களிற் பணியாற்றுவோரும் உளர். அவர்களிடம் யாம் பணத்தினும் மேலாக வேண்டுவது அறிவையும் நேரத்தையும். அளவு திருத்தமானதா எனச் சரிபார்த்தற்கு உரிய நியமப் பொருள்களை அனுப்புதலும், விடுமுறையில் வந்து மாணாக்கர்க்குக் குப்பி கழுவக் கற்பித்தலும் அவர்களாற் செய்யத்தக்க தொண்டுகள்.

மாணாக்கர்க்கு ஒரு சொல். இப்பணியில் விரைந்த புகழ் இல்லை. நீங்கள் எழுதும் இலக்கங்கள் பலவும் சென்ற ஆண்டின் இலக்கங்களைப் போலவே இருக்கும். அங்ஙனம் இருப்பதே கடலுக்கு நன்று. உங்கள் ஏட்டின் பயனை நீங்கள் காணாதிருத்தலும் கூடும். பூனையின் இலக்கத்தை ஏட்டில் எழுதிய வைத்தியரும், கழுகின் இறகைப் பேழையில் வைத்த நூதனசாலையாளரும் பயனை எண்ணி எழுதினாரல்லர். உள்ளதை உள்ளவாறு எழுதுக. பிழைத்த இலக்கத்தை அழியாது, ஒரு கோடிட்டுப் பக்கத்திலே திருத்துக. ஒரு மாதமும் தவறாதொழிக. உண்மை பேசுதல் என்று சமய பாடத்திற் கற்றதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

பழைய மாணவர் சங்கத்தாருக்கும் அதிபருக்கும் எம் வேண்டுகோள் இது. இவ்விழா ஆண்டிலேயே கரையோர நீர்க்கணக்கு ஏடு ஒன்றைத் தொடங்குக. அதன் முடிவுகளை, நல்லனவாயினும் தீயனவாயினும், ஆண்டுதோறும் கல்லூரிச் சஞ்சிகையில் வெளியிடுக. அயற் கல்லூரிகளையும் இப்பணிக்கு அழைக்குக. சமயமும் மொழியும் கடலைப் பிரிப்பதில்லை. அடுத்த விழா மலரை எழுதுவோர்க்கு நம் காலத்துக் கடல் எவ்வாறிருந்தது என்பதைக் கூற ஏடொன்று இருக்கட்டும். கடலைத் தீர்த்தமாகக் கொண்டாடும் நம் மரபுக்கு, அதன் நலத்தை நாள்தோறும் உசாவுதலிலும் சிறந்த வழிபாடு யாது?

வாழ்க நம் கல்லூரி! வளர்க அதன் பணி!